‘குழந்தை இப்போ எங்கே படிக்குது?’ இதை முதலில் கேட்கும் வக்கீலே உங்களுக்கான வக்கீல்!

முகூர்த்த நாளில் திருத்தணி மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடிவதற்குள் மலைப்பாதையில் வேன்கள் வரிசை கட்டிவிடும். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி இறங்கினால் அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். ஒரு குடும்பம் தமிழ் பேசும், அடுத்த குடும்பம் தெலுங்கு பேசும், பல குடும்பங்களில் இரண்டும் கலந்து வரும். முருகன் வள்ளியை மணந்த இடம் என்பது ஐதீகம். சூரனோடு போரிட்ட கோபம் இங்கேதான் தணிந்தது, அதனால்தான் தணிகை என்று பெயர் வந்தது என்றும் சொல்வார்கள்.

அந்த 365 படிகளுக்குக் கீழே, அதே ஊரில் நீதிமன்றமும் இருக்கிறது. கோபம் தணியாத திருமணங்கள் சில அங்கே வந்து சேர்கின்றன. நகை, சீர்வரிசை, ஜீவனாம்சம் எல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் எப்படியோ ஒரு கணக்குக்கு வந்துவிடும். வராமல் இழுத்துக்கொண்டே போவது ஒன்றுதான். குழந்தை யாரிடம்?

அந்தக் கட்டத்தில் குடும்பம் செய்யும் முதல் காரியம் வக்கீல் தேடுவது. சித்தப்பாவுக்குத் தெரிந்தவர், நிலத் தகராறில் ஜெயித்துக் கொடுத்தவர், போனில் தேடியபோது முதலில் வந்த பெயர் என்று யாரோ ஒருவரிடம் போய் நிற்கிறார்கள். ‘சார், குழந்தை எங்களுக்குக் கிடைச்சுடுமா?’ என்பதுதான் முதல் கேள்வி. ‘கண்டிப்பா கிடைச்சுடும்மா’ என்ற பதில் வந்தால் வக்காலத்தில் கையெழுத்து.

கேள்வி கேட்க வேண்டியவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர். குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பள்ளி, எத்தனை நாளாக, ராத்திரி யாரோடு தூங்குகிறது? இதையெல்லாம் கேட்காமலேயே பதில் சொல்லும் வக்கீல், குழந்தை வழக்கை எடுத்து நடத்தப் போகிறவர் அல்ல. ஏன் என்பதற்கு திருத்தணியைவிடத் தெளிவாகப் பாடம் சொல்லும் ஊர் கிடையாது.

எந்தக் கோர்ட் படி ஏறுவது?

1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கு எல்லைப் போராட்டத்தின் பலன் அது. எல்லைக்கோடு நகர்ந்தது, சொந்த பந்தம் நகரவில்லை. திருத்தணியில் பெண், நகரியில் மாப்பிள்ளை. புத்தூரில் பெண், பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை. இன்றும் அப்படித்தான் கொடுத்து வாங்குகிறார்கள். நகரிக்கு அரை மணி நேர பஸ் பயணம். குடும்பங்களுக்கு அது பக்கத்து ஊர். சட்டத்துக்கு அது வேறு மாநிலம், வேறு உயர் நீதிமன்றம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பெண் திருத்தணி. மாப்பிள்ளை நகரி. கல்யாணம் மலைமேல் நடந்தது. குடித்தனம் நகரியில். ஆறு வயதுப் பையன் அங்கேயே ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். மனக்கசப்பு முற்றிப்போய், பையனைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து பத்து நாள் ஆகிறது.

விவாகரத்து மனுவை அவள் திருத்தணிப் பக்கமே போடலாம். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 19 அதற்கு வழி தருகிறது. கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் எந்த இடத்துக்கு உரிய நீதிமன்றத்திலும் மனு போடலாம். மனு போடுவது மனைவி என்றால், அவள் இப்போது குடியிருக்கும் இடத்திலும் போடலாம் என்று 2003ல் திருத்தம் வந்தது. மலைமேல் தாலி கட்டிய ஒரே காரணத்துக்காக, ஆந்திராவிலேயே வாழும் தம்பதிக்கும் திருத்தணிக்கு உரிய நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறது. முகூர்த்த நாளில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, நினைக்கவும் வேண்டாம்.

குழந்தைக்கான தனி மனுவுக்கு இந்த வழி கிடையாது. பாதுகாவலர் மற்றும் காப்பாளர்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வக்கீல்கள் பேச்சில் ‘கார்டியன் ஓ.பி.’ 1890ல் வந்த சட்டம், இன்றும் அதுதான் அடிப்படை, எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். அதன் 9ஆவது பிரிவு சொல்வது ஒன்றுதான். குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊருக்கு உரிய நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். அம்மா எங்கே, அப்பா எங்கே, கல்யாணம் எங்கே என்பதெல்லாம் இதில் வராது.

நம் கற்பனைக் குடும்பத்தில் பையன் வழக்கமாக வசிக்கும் ஊர் எது? பத்து நாளாகத் திருத்தணி, அதற்கு முன் ஆறு வருடம் நகரி. அப்பா தரப்பு நகரி என்று வாதாடும். அம்மா தரப்பு, திரும்பிப் போகும் எண்ணமே இல்லாமல்தான் வந்தோம், இனி இதுதான் பையனின் ஊர் என்று வாதாடும். மனு போட்ட அன்று குழந்தை எந்த ஊரில் நின்றது என்பதை மட்டும் வைத்து இது முடிவாகாது. ஒவ்வொரு குடும்பத்தின் நிலவரத்தையும், வந்தவர்களின் நோக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2011ல் ருச்சி மஜூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘பையனைத் தூக்கிட்டு வந்துடு, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யோசனை சொல்லும் உறவினர்களுக்கு இது தெரியாது. தெரிந்த வக்கீல் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்.

இன்னொரு வழி உண்டு. விவாகரத்து மனு நடக்கும் நீதிமன்றத்திலேயே, இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்கீழ் குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றி மனு போடலாம். பராமரிப்பு, படிப்புச் செலவு குறித்த இடைக்கால மனுவை, நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. திருத்தணிப் பெண்ணுக்கு இந்த வழி பொருந்தலாம். அவருடைய நிலைமைக்கு எது சரி என்று இரண்டையும் எடுத்துப் போட்டு விளக்குகிறவர்தான் வேலை தெரிந்தவர். தமிழகத்தில் குடும்ப நீதிமன்றம் உள்ள பகுதிகளில் இரண்டு மனுவும் அங்கேயே போகும். அது இல்லாத இடத்தில் விவாகரத்து மனு வழக்கமாக சார்பு நீதிமன்றத்துக்கும், கார்டியன் மனு மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகும். ஒரே குடும்பம், ஒரே சண்டை, இரண்டு வெவ்வேறு வாய்தா.

அரை மணி நேர தூரம், டெல்லி வழியாக

இருவரும் ஆளுக்கொரு மாநிலத்தில் மனு போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரே மாநிலத்துக்குள் என்றால் வழக்கை மாற்றும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. இரண்டு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றம்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அரை மணி நேர தூரத்தில் உள்ள கோர்ட்டிலிருந்து இந்தப் பக்கம் ஒரு வழக்கைக் கொண்டுவர, 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் டெல்லியில் மனு போட வேண்டும். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்களின் சிரமத்தைப் பல இடமாற்ற மனுக்களில் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்திருக்கிறது. ஆனாலும் அதற்கென ஒரு வக்கீல், அதற்கென ஒரு செலவு, அதற்கென சில மாதங்கள்.

அந்த மாதங்களில்தான் குழந்தை வழக்கு உண்மையில் முடிவாகிறது என்று சொன்னால் மிகையில்லை. குழந்தை புதுப் பள்ளிக்குப் போகிறது. புது நண்பர்கள் சேர்கிறார்கள். தெலுங்கு எழுத்துப் பழகிய கை தமிழ் எழுதப் பழகுகிறது. வேர் பிடித்த இடத்திலிருந்து குழந்தையைப் பிடுங்க எந்த நீதிபதியும் தயங்குவார். அதனால்தான் எந்த மாநிலம் என்ற சண்டை நடக்கும்போதே, குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்டு இடைக்கால மனு போடும் வக்கீல் தேவை. ‘மெயின் கேஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒரு வருடத்தை ஓட்டுகிறவர், உங்கள் பிள்ளையின் ஒரு வருடத்தை ஓட்டுகிறார்.

சில குடும்பங்கள் நேரே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாமா என்று கேட்கும். குழந்தையைச் சட்டத்துக்கு விரோதமாக ஒருவர் வைத்திருக்கிறார் என்று காட்ட முடிந்தால் அது உதவும். மற்றபடி வழக்கமான வழி கார்டியன் மனுதான் என்று 2019ல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

தட்டில் வைத்துக் கொடுக்கும் பொருள் அல்ல

‘அப்பாதானே கார்டியன், சட்டமே சொல்லுதே’ என்பார்கள் மாப்பிள்ளை வீட்டில். ‘அம்மாவுக்குத்தான் குழந்தை, எந்தக் கோர்ட்டும் மாத்தாது’ என்பார்கள் பெண் வீட்டில். இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மையை முழுசாக விற்கும் வக்கீல்களும் உண்டு.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 6ல் தந்தையும் அவருக்குப் பின் தாயும் இயற்கைப் பாதுகாவலர் என்றுதான் இருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் இதில்தான் மோதினார். 1984ல் மகன் பெயரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு அவர் விண்ணப்பிக்க, தந்தை கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1999ல் தீர்ப்பு வந்தது. ‘அவருக்குப் பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்றது நீதிமன்றம். தாயும் பாதுகாவலராக இருக்க முடியும் என்பது அதன் பிறகு உறுதியானது.

அதே பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. சாதாரணமாக என்ற சொல்லைக் கவனியுங்கள். காரணம் இருந்தால் மாறும். ஐந்து முடிந்த மறுநாளே குழந்தை அப்பாவிடம் போய்விடும் என்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே 13ஆவது பிரிவு நிற்கிறது. குழந்தையின் நலனே முதன்மை.

இந்த ஒரு வரியின் கனத்தைப் புரிந்துகொள்ள ரோசி ஜேக்கப் வழக்கைப் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்து, உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1973ல் முடிந்த வழக்கு. மூன்று பிள்ளைகள், பிரிந்த பெற்றோர், மாறி மாறி வந்த உத்தரவுகள். பிள்ளைகள் உடைமைப் பொருளும் அல்ல, பெற்றோருக்கு விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் அதில் வைத்தது. இன்றுவரை குழந்தை வழக்குகளில் அது எடுத்துக்காட்டப்படுகிறது. இன்னொன்றும் அதில் உண்டு. குழந்தை யாரிடம் என்ற உத்தரவு கல்லில் வெட்டியது அல்ல. சூழ்நிலை மாறினால் மறுபடி நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘இந்தத் தடவை விட்டா போச்சு’ என்று பயமுறுத்தி அவசரப்படுத்துகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பொறுப்பு வேறு, பாதுகாவலர் உரிமை வேறு என்பதையும் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். குழந்தை அம்மாவோடு இருக்கும், ஆனால் பாஸ்போர்ட் எடுக்கவோ அதன் பெயரில் உள்ள சொத்தை விற்கவோ போகும்போது அப்பாவின் கையெழுத்துப் பிரச்னை வந்து நிற்கும். இளவர் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது தனி. உத்தரவு கேட்கும்போதே இதையெல்லாம் சேர்த்துக் கேட்டால், பின்னால் பள்ளி அலுவலகத்திலும் வங்கியிலும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

பார்க்கும் உரிமையும் அப்படியே. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைக்கு இரு பெற்றோரின் அன்பும் உரிமை என்று பேசியது. நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்கு போன், வீடியோ கால் மூலம் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. ஐதராபாத்திலோ துபாயிலோ வேலை பார்க்கும் அப்பாவுக்கு இது பெரிய விஷயம். மனுவில் கேட்டால்தான் கிடைக்கும். ‘ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம்’ என்று எழுதிக் கேட்கிற வக்கீல் வேண்டும்.

முதல் சந்திப்புக்கு எதை எடுத்துப் போவது

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அட்மிஷன் காகிதம், மார்க் ஷீட், பீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, டாக்டர் சீட்டு. பீஸ் ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பதுகூட வழக்கில் பேசும். கல்யாணம் மலைமேல் நடந்திருந்தால் கோயில் ரசீது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், ஆகவே பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது. இரு தரப்பு வருமான விவரம். 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்த பிறகு, ஜீவனாம்சம் கேட்டால் இருவருமே சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும்.

போனில் உள்ள வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். திட்டி அனுப்பிய மெசேஜ் உங்களுடையது என்றாலும் அழிக்காதீர்கள், வக்கீலிடம் காட்டிவிடுங்கள். எதிர்த் தரப்பு ஸ்கிரீன்ஷாட்டாக நீட்டும்போது அவர் முதல்முறையாகப் பார்க்கக் கூடாது.

குழந்தையை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். அப்பாவைப் பற்றி அம்மா சொல்வதை வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற வயது எந்த வயதும் இல்லை. ‘குழந்தையை வரச் சொல்லுங்க, என்ன பேசணும்னு சொல்லிக் கொடுத்துடறேன்’ என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலும் நீதிபதி தன் அறையில், பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். மனப்பாடம் செய்த பதில் அங்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

இதைவிட மோசமான யோசனை ஒன்றும் சில இடங்களில் காதில் போடப்படுகிறது. குழந்தையைக் கையில் எடுக்க, எதிர்த் தரப்பின்மேல் பொய்யாகப் பாலியல் புகார் கொடுப்பது. 2019ல் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், புகார் கொடுத்த தாய் மீதே நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உண்மையிலேயே குழந்தைக்கு ஆபத்து என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், 1098க்கு அழையுங்கள். அடி, உதை, மிரட்டல் என்றால் பெண்களுக்கு 181 உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, பிரிவு 21ன்கீழ் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் குற்றவியல் நடுவரே தர முடியும். இந்த வழியைப் பற்றி உங்கள் வக்கீல் வாயே திறக்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

கையில் காசு இல்லை என்றால்

தறி ஓட்டுகிற வீட்டில், கணவனைப் பிரிந்து வந்த பெண்ணிடம் வக்கீல் பீஸுக்கு ஏது பணம்? இந்த இடத்தில்தான் பலர் கம்மலை அடகு வைக்கிறார்கள். வைக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12ன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள்.

எங்கே கேட்பது? வட்ட அளவில் சட்டப் பணிகள் குழு, மாவட்ட அளவில் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்தில் போய் விசாரித்தால் காட்டுவார்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் விவரம் எழுதிக் கொடுத்தாலே போதும், எழுதத் தெரியாவிட்டால் சொன்னதை அங்கேயே எழுதிக்கொள்வார்கள். வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். டெல்லியில் இடமாற்ற மனு போட வேண்டி வந்தால் உச்ச நீதிமன்றத்துக்கும் தனியாக ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

‘இலவச வக்கீல் சரியா பார்க்க மாட்டார்’ என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. சில இடத்தில் உண்மையாகவும் இருக்கலாம். காசு வாங்கிய வக்கீலைப் பற்றியும் இதே பேச்சு இருக்கிறது. நியமித்தவர் சரியாகச் செய்யவில்லை என்றால் குழுவிலேயே சொல்லி வேறு ஒருவரைக் கேட்கலாம். வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த் தரப்பிடமிருந்து கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவு இருக்கிறது. வருமானம் இல்லாத கணவனும் அதில் கேட்கலாம், பலருக்குத் தெரியாது.

போனில் தேடுகிறவர்களுக்கு

‘நம்பர் ஒன் விவாகரத்து வக்கீல்’ என்று போனில் விளம்பரம் வந்தால் சந்தேகப்படுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சொன்னது. வக்கீல் சேவையைப் பொருள் மாதிரி விற்கும் இணையதளங்கள்மீது நடவடிக்கை எடுக்க இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து ஓட்டலைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதற்குப் பதில் ஒரு நாள் கோர்ட்டுக்கே போய் உட்காருங்கள். குடும்ப வழக்குகள் மூடிய அறையில் நடப்பது உண்டு என்றாலும், வராண்டாவில் அரை நாள் நின்றால் தெரிந்துவிடும். யார் கட்சிக்காரரிடம் நின்று பேசுகிறார், யார் குமாஸ்தாவை அனுப்பி வாய்தா வாங்குகிறார், யார் எதிர்த் தரப்பு வக்கீலோடு சிரித்துப் பேசுகிறார். கடைசியில் சொன்னதைப் பார்த்துப் பதற வேண்டாம். குழந்தை வழக்கில் எதிர்த் தரப்போடு முகம் கொடுத்துப் பேசத் தெரிந்த வக்கீல் வரம்.

பீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று முதல் நாளே பேசி, ரசீது கேளுங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்து பீஸ் பேசுவது விதிப்படி கூடாது. வழக்கு எண்ணோடு சி.என்.ஆர். எனும் 16 இலக்க எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடைசி வாய்தாவில் என்ன நடந்தது என்று உங்கள் போனிலேயே தெரியும். ‘ஜட்ஜ் லீவு’ என்று சொன்னது நிஜமா என்றும் தெரியும்.

வக்கீலை மாற்றவும் உரிமை உண்டு. பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று 2000ஆவது ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலிக்கலாம்.

குடும்ப நீதிமன்றத்தைப் பற்றி ஒரு விஷயம். அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கேட்கக் கூடியது அல்ல, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு அப்படி. நடைமுறையில் அனுமதி கிடைக்கிறது. ஆனாலும் நீதிபதியும் ஆலோசகரும் உங்களிடமே நேராகப் பேசுவார்கள். ‘எல்லாம் வக்கீலுக்குத் தெரியும்’ என்று அங்கே சொல்ல முடியாது. குழந்தைக்கு என்ன மாத்திரை ஒத்துக்காது, வகுப்பு டீச்சர் பெயர் என்ன என்று கேட்டால் அப்பாவோ அம்மாவோதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆடிக் கிருத்திகை யாரோடு?

பல வழக்குகளில் சமரச மையம் என்று ஒரு கட்டம் வரும். மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதுவார்கள். ‘குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாவது மாதம் ‘அவ்வப்போது’ என்றால் என்ன என்பதில் அடுத்த வழக்கு தொடங்கும்.

எல்லை ஊரில் இது இன்னும் சிக்கல். பையனுக்குப் பொங்கல் தமிழ்நாட்டில், உகாதி ஆந்திராவில். தசரா விடுமுறை இரண்டு மாநிலத்திலும் ஒரே நாளில் வராது. ஆடிக் கிருத்திகைக்கு அம்மா வீட்டில் காவடி, அப்பா வீட்டிலும் காவடி, இருவரும் ஒரே மலைக்குத்தான் வருவார்கள். சனிக்கிழமை காலை பையனை யார் கொண்டுவந்து விடுவது, நகரி பஸ் ஸ்டாண்டிலா திருத்தணி பஸ் ஸ்டாண்டிலா, ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், பஸ் கிடைக்காவிட்டால் யாருக்குப் போன் செய்வது, காய்ச்சல் என்றால் அந்த வாரம் கழியுமா அடுத்த வாரம் சேருமா, மொட்டை அடிக்க இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா, பள்ளிக் கட்டணத்தில் யார் எவ்வளவு, பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு இருவரும் போகலாமா?

இத்தனையையும் உங்களிடம் கேட்டு, தமிழில் ஒரு பிரதி, தெலுங்கில் ஒரு பிரதி என்று எழுதி, இரண்டு வீட்டுப் பாட்டிகளுக்கும் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டும் வக்கீல் கிடைத்தால், அவர் போன் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்குப் பள்ளி மாறும்போது மறுபடி தேவைப்படும்.